தோளில் தொங்கும் கருவியும் ஒரு சின்னப் பூட்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காலை நடைக்குப் போய் வந்து, டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

திருப்பூர்க்காரர்களிடம் 'லாக்' என்று சொன்னால் பூட்டு நினைவுக்கு வராது. ஓவர்லாக், பேட்லாக், இன்டர்லாக் என்றுதான் மனம் ஓடும். தெருவுக்குத் தெரு 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை' என்ற அட்டையைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அதனால் 'ஸ்ட்ராப் லாக்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, ஏதோ புதுத் தையல் மிஷின் வந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

சொன்னவர் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நோம்பிக் காலத்திலும் கல்யாண வரவேற்புகளிலும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். ஏலச்சீட்டு எடுத்து வாங்கிய கருவி. அவர் கேட்டது இது: "சார், பெல்ட் கழன்று விழாம இருக்க ஸ்ட்ராப் லாக்குன்னு ஒண்ணு விக்கிறாங்க. ரெண்டு குமிழுக்குச் சில ஆயிரம் சொல்றாங்க. நம்மளுக்கு அது வேணுங்களா, இல்லீன்னா வெளிநாட்டுக்காரங்க வித்தை காட்டறதுக்குப் பண்ணுனதுங்களா? கீழ விழுந்து கழுத்து ஒடைஞ்சா இந்த சீசனே போச்சுங்க."

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இடைநிலை ஆசிரியனாக முப்பது வருடத்துக்கு மேல் அறிவியலும் சமூக அறிவியலும் சொல்லிக் கொடுத்தவனுக்கு இரண்டு பாடமும் ஒரே கேள்வியில் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? கருவியைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவியைப் பார்க்காதவர்களுக்காக: பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்ட, கழுத்து நீண்ட கிட்டார். பாட்டின் அடியில் தும் தும் என்று ஓடுகிற கனத்த ஒலி அதனுடையது. மரக்கட்டை உடம்பு; எடை சுமார் நான்கு கிலோ, சில கருவிகள் அதற்கும் மேல். உடம்பின் மேல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் ஒரு உலோகக் குமிழ், பின்புறம் அடியில் ஒரு குமிழ். பெல்ட்டின் இரண்டு முனையிலும் தோலில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு சிறு கீறல். சட்டைப் பொத்தானை மாட்டுவது போல் துளையைக் குமிழில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. நாற்பது ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவி ஒரு தோல் துளையை நம்பித் தொங்குகிறது.

கருவியை உடம்பில் தொங்கவிடுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்ற நூல் தொடங்குவதே இசைக்கருவிகளின் பட்டியலோடுதான். நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் என்று எல்லாவற்றையும் பையில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். அந்த மூட்டை, பலா மரத்தில் காய் கொத்துக் கொத்தாய்த் தொங்குவது போல் இருந்தது என்கிறார் பெருங்கௌசிகனார். மலையேறிப் போகிறவர்களின் தோளைப் பார்த்து எழுதிய உவமை. வாரால் இறுக்கிக் கட்டுவதற்கு 'விசித்தல்' என்றே தனிச் சொல் வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பலா என்றதும் தவில் நினைவுக்கு வருகிறது. தவிலின் கட்டையும் பலா மரம்தான். கச்சேரி மேடையில் தவில்காரர் உட்கார்ந்து வாசிப்பார். சாமி புறப்பாட்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். அப்போது துணி வாரைத் தோளில் மாட்டித் தவிலைத் தொங்கவிட்டுக்கொள்வார். ஒரு கையில் பூவரசங்கழி, மறு கை விரல்களில் கூடு. இரண்டு கையும் வேலையில் இருக்கும். கருவியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. முன்பு தோல் வாரால் இறுக்கிய தவிலுக்கு இப்போது இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும் வந்துவிட்டன. எடை கூடியிருக்கிறது. இருந்தும் வைகாசி விசாகத் தேரோட்டத்தில் விஸ்வேஸ்வரசாமி கோயில் தெருவில் எத்தனையோ வருடம் நின்று பார்த்திருக்கிறேன். வார் கழன்று தவில் விழுந்ததை ஒரு தடவையும் கண்டதில்லை.

காரணம் எளிது. அது முடிச்சு. வளையத்துக்குள் நுழைத்துக் கட்டியது. பறைக்கும் அப்படித்தான், சட்டத்தில் கட்டிய வார் இடது தோளில் ஏறுகிறது. உருமி, பம்பை, நம் பக்கம் இப்போது திருவிழாவுக்குத் திருவிழா கேட்கும் ஜமாப் மேளம் எல்லாவற்றுக்கும் இதே கதை. நாடகக்காரர்கள் கழுத்தில் மாட்டி வாசித்த ஆர்மோனியத்துக்கும் வளையத்தில் கோத்த பட்டைதான். ராணுவத் துப்பாக்கியின் வாரும் வளையத்தில் கோக்கப்படுவதே. முடிச்சும் வளையமும் வார் தளர்ந்தாலும் விடாது. பொத்தான் அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நம் ஊருக்கு இது புரியாத விஷயமா என்ன? ஒரு காலத்தில் டவுசர் என்றால் நாடா வைத்த டவுசர்தான். பிள்ளைகள் வகுப்பில் முடிச்சு அவிழாமல் அழுவார்கள். ஆசிரியர் பல்லால் கடித்து அவிழ்க்காததுதான் பாக்கி. பிறகு எலாஸ்டிக் வந்தது. போடுவது சுலபம், கழற்றுவது சுலபம், ஆனால் தளர்ந்து போனால் மானம் போகும். அவசரத்துக்கு வசதியா, ஆபத்துக்கு உறுதியா என்ற வழக்கு அன்றே நம் இடுப்பில் நடந்து முடிந்தது.

சரி, பேஸ் கிட்டாருக்கு வருவோம். மேற்கத்திய இசையில் கனத்த ஒலிக்கு டபுள் பேஸ் என்ற ஆள் உயர வயலின் இருந்தது. அதன் அடியில் ஒரு முள். அதைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். எடையைத் தரை தாங்கிக்கொள்ளும். தோளுக்கு வேலை இல்லை. நடந்து போகும் பேண்டு வாத்தியத்துக்கு அது உதவாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சூசா என்ற பேண்டு மாஸ்டரின் பெயரால் சூசாபோன் வந்தது. மலைப்பாம்பு போல் உடம்பைச் சுற்றித் தோளில் உட்காரும் பித்தளைக் குழல். கனத்த ஒலி இப்படியும் நடந்து போனது. பித்தளைக் குழல் தோளைச் சுற்றியே இருப்பதால் கழன்று விழவும் வழியில்லை.

கம்பிக் கருவியைக் கிடைமட்டமாகத் தோளில் மாட்டலாம் என்று 1930களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் செய்து பார்த்தார். ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் மின் பேஸ் விற்றார். காலத்துக்கு முந்திப் பிறந்த பொருள், பெரிதாக ஓடவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில் லியோ பெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்த பிறகுதான் உலகம் மாறியது. இந்த லியோ பெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. (என்னைப் போல என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவருக்குச் சால்டரிங் தெரியும், எனக்கு அதுவும் தெரியாது.) லயனல் ஹாம்ப்டன் குழுவில் இருந்த மாங்க் மாண்ட்கோமரி அதைத் தோளில் மாட்டி ஊர் ஊராகப் போனார். காரின் கூரையில் கட்டிக்கொண்டு போன டபுள் பேஸ், டிக்கியில் அடங்கும் பெட்டியாகச் சுருங்கியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேஸின் கழுத்து நீளம், கம்பி முறுக்கும் சாவிகள் கனம். சாதாரண கிட்டார் உடம்பில் அந்தக் கழுத்தைப் பொருத்தித் தோளில் மாட்டினால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துத் தாழும். காய்கறிக் கடைத் தராசில் ஒரு தட்டு இறங்குவது போல. அதனால் பெண்டர் மேல் கொம்பைப் பன்னிரண்டாவது கட்டை வரைக்கும் நீட்டி, அதன் நுனியில் குமிழை வைத்தார். தொங்கும் புள்ளி எடையின் மையத்தைத் தாண்டிப் போனதும் கருவி நேராக நின்றது. நெம்புகோல் பாடம் நடத்துகிறவர்கள் தாராளமாக இந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம். கிப்சன் கம்பெனி 1961இல் கொண்டுவந்த ஈபி-3 போன்ற பேஸ்களில் இந்த நீண்ட கொம்பு இல்லை. முன் குமிழ் கழுத்து சேருமிடத்தின் பின்னால் இருக்கும். தலை தாழும். வாசிப்பவர் இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். அவர் கையை எடுத்தால் பெல்ட் குமிழில் திரும்பும், இழுபடும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. 1951 முதல் எல்லோரும் தோல் துளையை நம்பித்தானே வாசித்தார்கள், ஏன் உடனே பூட்டு வரவில்லை?

ஒரு பதில், பலர் உட்கார்ந்து வாசித்தார்கள். டெட்ராய்ட் நகரத்தின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் வருடத்துப் பிரிசிஷன் பேஸில் வாசித்த பாட்டுகளை உலகமே கேட்டது. ஸ்டுடியோவில் உட்கார்ந்துதான் வாசிப்பு. கருவி தொடையில் இருக்கும். பெல்ட்டே வேண்டாம், பூட்டு எதற்கு? அந்தக் கருவி 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடு போனது. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸும் 1972இல் திருடு போய், திரும்பக் கிடைத்த செய்தி 2024இல்தான் வந்தது. பெல்ட்டுக்குப் போடும் பூட்டு இந்தக் கவலைக்கு உதவாது, வண்டிக்குத்தான் போட வேண்டும்.

நம் சினிமாவிலும் அப்படித்தான். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, ஜி.கே.வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். கிளாசிக்கல் கிட்டார் முறையில் இடது காலைச் சின்ன முக்காலியில் வைத்துத் தொடையில் கருவியைச் சாய்ப்பார்கள். வாருக்கு இடமே இல்லை. 1976இல் அன்னக்கிளி வந்த பிறகு, அவர் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஒரு தனி ஆளாகவே பேசத் தொடங்கியது. அந்த வாசிப்பில் பெரும்பகுதிக்கு உரியவர் சசிதரன். பின்னால் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். ஸ்டுடியோவில் பிறந்த இந்த பேஸ் ஒலியைத் திருப்பூர், பல்லடம், அவிநாசி மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் பெயர் தெரியாத ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள். ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்து வாசித்ததை இவர்கள் நின்றுகொண்டு, இரவு ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, வியர்வையில் நனைந்தபடி வாசித்தார்கள். தவிலுக்கு மேடையும் புறப்பாடும் இருந்ததைப் போல பேஸுக்கும் இரண்டு வாழ்க்கை. விழும் பயம் இரண்டாவது வாழ்க்கைக்கு மட்டும்.

இன்னொரு பதில், ஆரம்பத்தில் மேடையில் யாரும் அவ்வளவாகக் குதிக்கவில்லை. கோட்டுப் போட்டு நின்ற இடத்தில் நின்று வாசித்தார்கள். ராக் இசை பெரிய மைதானங்களுக்குப் போனதும் ஓட்டமும் குதியும் வந்தன. 1980களில் கிட்டாரைத் தோளைச் சுற்றி ஒரு முழு வட்டம் சுழற்றிப் பிடிக்கும் வித்தையும் வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் பெல்ட் பூட்டுகள் பரவலாயின. ஜெர்மனியின் ஷாலர் கம்பெனி பூட்டு ஒரு வகை: பெல்ட் முனையில் லாடம் போன்ற கிண்ணம், அது குமிழில் ஏறியதும் ஸ்பிரிங் ஊசி உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் டன்லப் பூட்டு இன்னொரு வகை: குமிழின் நடுவில் குழி, பெல்ட் முனையிலிருக்கும் தண்டு அதில் நுழைந்ததும் சின்னக் குண்டுகள் பிதுங்கிப் பிடிக்கும், நடுப்பொத்தானை அமுக்கினால் விடும். இரண்டும் நல்ல வேலைப்பாடு. ஒன்றின் குமிழ் மற்றதற்குச் சேராது.

ஆக, வித்தை காட்டுகிறவர்களுக்காக வந்தது என்று என் மாணவர் சந்தேகப்பட்டதில் கொஞ்சம் உண்மை உண்டு. வித்தைக்காரர்களுக்கும் அது எப்போதும் உதவியதில்லை. 1992 செப்டம்பரில் எம்டிவி விருது விழாவில் நிர்வாணா குழுவின் கிரிஸ்ட் நோவோசெலிக் பேஸைத் தூக்கி மேலே எறிந்து, பிடிக்கத் தவறி, நெற்றியில் வாங்கிக்கொண்டார். அதற்கு எந்தக் கம்பெனியும் பூட்டு செய்யவில்லை.

இனி அறிவியல் பக்கம். நம்மில் பலர் நினைப்பது, பேஸ் கனமானது, அதனால் பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு விழும் என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு கிலோ என்றால் சுமார் 40 நியூட்டன் விசை. அதைப் பெல்ட்டின் இரு முனையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெல்ட் சாய்வாகப் போவதால் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவே. எங்கள் ஊர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் குழந்தை உடுப்பின் பிரஸ் பட்டனுக்கு 'புல் டெஸ்ட்' செய்வதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கான சோதனை. வெளிநாட்டு பையர்கள் பலரும் கேட்பது 90 நியூட்டன் இழுவையை 10 விநாடி தாங்க வேண்டும் என்று. ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஒரு பாப்பா சட்டைப் பட்டனே இவ்வளவு தாங்கும்போது, மரத்தில் திருகிய உலோகக் குமிழ் நாற்பதைத் தாங்காதா?

தாங்கும். எடை அங்கே எதிரி இல்லை. பெல்ட் இறுகியிருக்கும் வரை தோல் துளை குமிழின் இடுங்கிய கழுத்தில் அழுந்திக் கிடக்கிறது. எடை கூடக்கூட இன்னும் நன்றாக அழுந்தும். கழல்வது எப்போது தெரியுமா? பெல்ட் தளரும்போது. குனிந்து ஆம்பிளிபயரைத் திருகும்போது, கருவியை முழங்காலில் வைத்து ட்யூன் செய்யும்போது, பாட்டு முடிந்து கும்பிடுவதற்காகக் கருவியை ஒரு பக்கம் தள்ளும்போது. அந்த நொடியில் துளை குமிழின் தலை மேல் ஏறி நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். நிமிர்ந்து கையை விட்டால் போயிற்று. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நான்கு கிலோ மரத்தை அந்த வேகத்தில் சிமெண்ட் தரையில் மோதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சும் பொத்தானும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? தவில்காரர் குனிந்தாலும் முடிச்சு குனியாது. பொத்தானுக்கு இறுக்கம்தான் உயிர்.

பெல்ட்டின் வயதும் சேர்ந்துகொள்ளும். புதுத் தோலின் துளை இறுக்கமாக, மாட்டவே கஷ்டமாக இருக்கும். வியர்வை பட்டுப் பட்டு, ஆயிரம் தடவை மாட்டிக் கழற்றி, துளை வாய் பிளந்த ரப்பர் செருப்பு மாதிரி ஆகிவிடும். நடுவில் இருக்கும் நாடா பருத்தியோ நைலானோ எதுவானாலும் அறுந்து நான் கேள்விப்பட்டதில்லை. நாடா விஷயத்தில் நம்ம ஊர்க்காரன் சொல்வதை நம்பலாம். கெடுவது இரண்டு முனையும்தான்.

நம் கலைஞர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பெல்ட்டை மாட்டிய பிறகு குமிழின் தலை மேல் இழுத்து மாட்டிவிடுவார்கள். பெல்ட் தளர்ந்தாலும் ரப்பர் விடாது. வெளிநாட்டில் இதையே குரோல்ஷ் என்ற டச்சு பீர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தால் செய்தார்கள். சிவப்பு நிற வளையம் பல பெரிய கலைஞர்களின் கிட்டார்களில் மாட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனிகளே ரப்பர் வளையத்தை ஜோடியாக விற்கத் தொடங்கின. நாம் சைக்கிள், அவர்கள் பீர். மூளை ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய நைட்ரோ வார்னிஷ் அடித்த விலை உயர்ந்த கருவிகளில் சில வகை ரப்பர் நாள்பட ஒட்டினால் வார்னிஷ் இளகிக் கறை விழும். இங்கே பெரும்பாலும் உள்ள பாலி பூச்சுக் கருவிகளுக்கு அந்தப் பயம் இல்லை.

மாணவரின் கருவியைப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. மேல் கொம்பின் குமிழை விரலால் ஆட்டினால் ஆடியது. உள்ளே திருகு மரத்தைத் தின்று ஓட்டை பெரிதாகியிருக்கிறது. இதன் மேல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பூட்டு போட்டால் என்ன ஆகும்? பெல்ட் பூட்டை விடாது. பூட்டு குமிழை விடாது. குமிழும் திருகும் மரத்தை விட்டுவிட்டு மொத்தமாக வெளியே வரும். கதவு நிலை செல்லரித்த வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்ட கதை. பக்கத்துத் தச்சரிடம் அனுப்பினேன். மூங்கில் குச்சியைச் சீவிப் பசை தோய்த்து ஓட்டையில் அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதே திருகைத் திரும்ப முறுக்கிக் கொடுத்தார். இப்போது அசையவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே குமிழை ஆட்டிப் பாருங்கள்.

பூட்டுக்கும் சில குறைகள் உண்டு. ஷாலரின் பழைய வகையில் பெல்ட்டில் இறுக்கும் நட்டு ஒன்று இருக்கிறது; அது அதிர்விலேயே தளரும். நட்டு விழுந்தால் பெல்ட்டும் விழும். நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் நிற்கும் என்பார்கள். சிலவற்றில் உலோகம் உரசிக் கிறீச்சிடும். மேடையில் கேட்காது, ரெக்கார்டிங்கில் கேட்கும். இன்னொன்று நம் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கே உரியது. அவசரத்துக்கு ஒருவர் கருவியை இன்னொருவர் வாங்கி வாசிப்பது இங்கே வழக்கம். உங்கள் பெல்ட்டில் ஷாலர் கிண்ணம் இருந்து, கடன் வாங்கிய கருவியில் சாதாரணக் குமிழ் இருந்தால் மேடையில் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். இதற்காகவே டன்லப்பில் சாதாரண பெல்ட்டையும் ஏற்கும்படியான குமிழ் ஒரு வகை இருக்கிறது.

அப்படியானால் வேண்டுமா வேண்டாமா? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வாசிக்கிறவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகும் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம். நின்ற இடத்தில் நின்று வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரருக்கு நல்ல பெல்ட், ஆடாத குமிழ், இரண்டு ரப்பர் வளையம் போதும். அந்த ரப்பர் வளையமாவது கட்டாயம் வேண்டும். வெறும் தோல் துளையை நம்பி மேடை ஏறக் கூடாது. ஒயர் பிளக்கைச் செருகும் முன் ஒயரைப் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சுற்று விடுவதும் நல்லது. யாராவது ஒயரை மிதித்தால் பிளக் பிடுங்கிக்கொள்ளாது. ஒரே இரவில் இரண்டு மூன்று கருவி மாற்றுகிறவர், மேடையில் ஓடுகிறவர், கிப்சன் போலத் தலை பின்னால் சாய்ந்த கழுத்துள்ள கருவி வைத்திருப்பவர் ஆகியோர் பூட்டு வாங்கலாம், அது ஆடம்பரம் இல்லை. பெண்டர் வகையில் கழுத்து தனி மரம். பெரும்பாலும் நான்கு திருகில் உடம்போடு சேர்ந்திருக்கும். உடைந்தாலும் வேறு கழுத்து மாட்டலாம். ஒட்டிய கழுத்தும் சாய்ந்த தலையும் உள்ள கருவி மல்லாக்க விழுந்தால் தலை சேருமிடத்தில் ஒடியும். அதை ஒட்ட வைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் பூட்டின் விலை குறைவு.

என் மாணவருடையது பெண்டர் வகை. தச்சர் வேலையும் ரப்பர் வளையமும் போதும் என்றேன். "அப்ப மிச்சக் காசுக்குக் கம்பி மாத்திக்கிறேனுங்க சார்" என்று போனார். பேஸ் கம்பி ஒரு செட் என்ன விலை என்று தெரிந்ததும் எனக்குத்தான் தலை சுற்றியது.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. தவிலைத் தோளில் தொங்கவிடும் துணிப் பட்டைக்கும், பறையின் தோள் கயிற்றுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? இங்கே சிலர் வார் என்கிறார்கள், சிலர் நாடா என்கிறார்கள், இளைஞர்கள் எல்லாவற்றுக்கும் பெல்ட் என்கிறார்கள். தாராபுரம், காங்கயம் பக்கத்து மேளக்காரர்கள் வேறு சொல் ஏதாவது வைத்திருந்தால் எழுதுங்கள். குறித்து வைத்துக்கொள்கிறேன்.